தரையில் சொட்டு இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: பழைய எம்எக்ஸ்-5 ஏன் சூடாகிறது?

கேள்வி சுருக்கமாக: 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின். நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. இரண்டு வாரத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, ஆனால் நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. தெர்மோஸ்டாட்டும் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) ரேடியேட்டர் மூடியும் மாற்றியாயிற்று. அடுத்து மாற்ற வேண்டியது ரேடியேட்டரா, வாட்டர் பம்பா, ஹெட் கேஸ்கெட்டா (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்பு)?

இப்போதைக்கு மூன்றும் இல்லை. இரண்டு பாகம் மாற்றிவிட்டீர்கள், இரண்டும் பழைய வண்டியில் மாற்ற வேண்டியவைதான், அதில் நஷ்டமில்லை. ஆனால் இரண்டையும் ஊகத்தில் மாற்றியிருக்கிறீர்கள், மூன்றாவதையும் ஊகத்தில் மாற்றப் போகிறீர்கள். கூலிங் சிஸ்டம் அப்படி விளையாடுவதற்கு ரொம்ப மோசமான இடம், ஏனென்றால் ஒரு பாகம் கெட்டால் தெரியும் அறிகுறியே இன்னொரு பாகம் கெட்டாலும் தெரியும்.

உங்களிடம் இருப்பது இரண்டு புகார்கள். கூலன்ட் குறைகிறது என்பது ஒன்று, நின்றால் சூடாகிறது என்பது இன்னொன்று. கசிவதால் அளவு குறைந்து, அதனால் சூடாகலாம். வேறு காரணத்தால் சூடாகி, அழுத்தம் ஏறி, எங்கோ பலவீனமான ஒரு இடத்தில் கசியலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம், முப்பது வருடம் தாண்டிய வண்டியில் அதுவும் சகஜம். எது எதை இழுத்து வருகிறது என்று தெரிய முதலில் கசிவைத் தேடி அடையுங்கள். இந்த வண்டியின் மொத்தக் கொள்ளளவே 6 லிட்டர்தான், அதில் அரை லிட்டர் குறைந்தபடி ஓட்டிக்கொண்டு செய்யும் வேறு எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது.

சரி, தரையில் ஏன் சொட்டு இல்லை? பலர் ஏமாறுவது இங்கேதான். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும். மூடி போட்டு ஒரு பார் (சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ) அளவுக்கு அழுத்தம் ஏற்றினால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். அதாவது அந்த மூடி வெறும் மூடி இல்லை, கொதிநிலையைத் தூக்கிப் பிடிக்கும் வால்வு. இதனால் கசிவு பெரும்பாலும் சிஸ்டம் சூடாகி அழுத்தம் ஏறிய பிறகுதான் நடக்கும், அந்த நேரத்தில் வெளியே வரும் சின்னச் சொட்டு சூடான இரும்பின் மேலும் ஃபேன் காற்றிலும் ஆவியாகிப் போய்விடும். வண்டி ஆறிய பிறகு அழுத்தம் இல்லை, அதனால் சொட்டும் இல்லை. காலையில் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு "கசியவில்லை" என்று முடிவு கட்டுவதில் அர்த்தமே இல்லை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சூட்டில் எல்லாம் விரிந்து இறுக்கமாக இருக்கும்போது கசியாது, இரவு குளிரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் சுருங்கும்போது கிளாம்ப் ஓரத்தில் கசியும். திருகு வைத்த கிளாம்ப்பில் இது அதிகம். ஸ்பிரிங் கிளாம்ப் தானாகவே பிடிப்பைச் சரிசெய்துகொள்ளும், அதனால்தான் கம்பெனியில் அதைப் போட்டு அனுப்புகிறார்கள். பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டுத் திருகு கிளாம்ப் போடுவது முன்னேற்றம் இல்லை.

ஆகவே கண்ணால் தேடும்போது ஈரத்தைத் தேடாதீர்கள், காய்ந்த தடத்தைத் தேடுங்கள். கூலன்ட் ஆவியானாலும் அதிலிருக்கும் மற்றவை ஆவியாகாமல் வெள்ளையாகவோ, பச்சையாகவோ, உங்கள் கூலன்ட்டின் நிறத்திலோ ஒரு பொருக்காகப் படிந்திருக்கும். நல்ல டார்ச் ஒன்றும் சின்னக் கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் ஓரங்கள், ஒவ்வொரு ஹோஸின் முனை, பம்பைச் சுற்றி எல்லாம் பாருங்கள். வண்டியை நிறுத்திய உடனே ஒருமுறையும், ஐந்து பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும் பாருங்கள். இன்ஜினை அணைத்ததும் பம்ப் நின்றுவிடுகிறது, ஆனால் இரும்பில் இருக்கும் சூடு இன்னும் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதனால் அணைத்த பிறகு சில நிமிடங்களுக்குச் சூடும் அழுத்தமும் ஓடும்போது இருந்ததைவிட ஏறும். தித்திப்பான ஒரு வாடை வருகிறதா என்று மூக்கையும் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த நேரத்தில் மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள். சாவி ஆனில் இருந்தால் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும், விரல்கள் ஜாக்கிரதை.

கண்ணுக்குச் சிக்கவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர். கையால் அடிக்கும் பம்ப், ஒரு டயல், மூடிக்குப் பதிலாக மாட்டும் ஒரு முனை, அவ்வளவுதான். வாங்கவே வேண்டாம், இரவல் கிடைத்தாலும் போதும். வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும், கூலன்ட் கழுத்து வரை நிரம்பியிருக்க வேண்டும். மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ எண் இருக்கும், அது சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கு, பி.எஸ்.ஐ.யில் சொன்னால் ஏறக்குறைய 13, 16. மூடியில் இருக்கும் அந்த அளவு வரை அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் டேங்க்கை நீங்களே உடைத்துவிட்டு "கசிவைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று சந்தோஷப்படக் கூடாது. அடித்துவிட்டு 20 நிமிடம் காத்திருங்கள். டயல் அசையவில்லை என்றால் ஆறிய நிலையில் கசிவு இல்லை. அதோடு நிறுத்திவிடாமல், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். டயல் இறங்குகிறது, ஆனால் வெளியே எங்குமே ஈரம் இல்லை என்றால் அது காருக்குள்ளேயோ சிலிண்டருக்குள்ளேயோ போகிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கும் பிடிபடாத நுண்ணிய கசிவுக்கு, கூலன்ட்டில் கலக்கும் யூவி சாயம் இருக்கிறது. சில நாள் ஓட்டிவிட்டு இருட்டில் யூவி விளக்கு அடித்துப் பார்த்தால் கசியும் இடம் பளிச்சென்று தெரியும். என்ஜின் ஆயிலுக்கு விற்கும் சாயத்தை இதில் ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் வேறு.

இந்த வண்டியில் எங்கே பார்ப்பது? முதலில் ரேடியேட்டரின் மேல் டேங்க். பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: அது இன்னும் கறுப்பாக இருக்கிறதா, அல்லது பழுப்பேறிவிட்டதா? கம்பெனி ரேடியேட்டர் அலுமினிய கோர் (மெல்லிய குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி), அதன் இரு முனையிலும் பிளாஸ்டிக் டேங்க், நடுவில் ரப்பர் கேஸ்கெட், அலுமினியப் பற்களை மடித்துப் பிடித்திருப்பார்கள். சூட்டில் வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் கறுப்பிலிருந்து பச்சை கலந்த பழுப்புக்கு மாறும். அப்படி மாறிவிட்டது என்றால் அது இன்று கசியாவிட்டாலும் நாளை பிளக்கும், அதுவும் பெரும்பாலும் மேல் ஹோஸ் மாட்டும் கழுத்திலோ மடிப்பு ஓரத்திலோ நீளமாகக் கீறிக்கொண்டு. பழுப்பாக இருந்தால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம், ரேடியேட்டரை மாற்றிவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஊகத்தில் பாகம் மாற்ற நான் சம்மதிப்பேன். பசை வைத்து ஒட்டினால் பிடிக்காது, பிடித்தாலும் வீடு போய்ச் சேரும் வரைதான். செம்பும் பித்தளையுமாக இருந்த பழைய ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைத்த காலத்து வைத்தியம் பிளாஸ்டிக்கில் செல்லாது.

அடுத்து இன்ஜினின் பின்பக்கம், ஃபயர்வால் (இன்ஜின் அறைக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஓரம். ஹீட்டர் ஹோஸ்கள் அங்கேதான் இருக்கின்றன, யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதற்கு மேலே ஹெட்டின் பின்னால் கேம் ஆங்கிள் சென்சார் (கேம்ஷாஃப்ட் சுற்றும் நிலையைப் பார்ப்பது) உட்கார்ந்திருக்கிறது, அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங் வயதாகிக் கெட்டியானால் ஆயில் கசிந்து நேராக இந்த ஹோஸ் மேல் சொட்டும். ஆயில் பட்ட ரப்பர் ஊறிப்போய் மெத்தென்று ஆகி ஒரு நாள் விட்டுவிடும். ஆகவே அங்கே ஹோஸைத் தொட்டு, அமுக்கிப் பாருங்கள். பஞ்சுபோல் இருந்தால் ஹோஸையும் மாற்றி, மேலே ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும். ஹோஸை மட்டும் மாற்றினால் இன்னும் சில வருடத்தில் இதே வேலை. இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) அடியில் ஓடும் சின்னச் சின்ன ஹோஸ்களும் இப்படித்தான், கையே போகாத இடத்தில் கசிந்துகொண்டிருக்கும்.

வாட்டர் பம்பில் அச்சின் சீல் தேய்ந்தால் கூலன்ட் வெளியேறுவதற்கென்றே உடம்பில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்த தடம் இருந்தால் பம்ப் போய்விட்டது, அதில் வாதமே இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கிறதா என்றும் தெரியும். இந்த இன்ஜினில் பம்பைச் சுற்றுவது ஆல்டர்னேட்டர் பெல்ட்தான், ஆனால் பம்பை வெளியே எடுக்க டைமிங் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும், அதனால் டைமிங் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது வழக்கம். இரண்டையும் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று உங்களிடம் தாள் இல்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர், கசிந்தால் காருக்குள் தெரியும். ஹீட்டர் போட்டதும் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு, கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம், உள்ளே தித்திப்பு வாடை. கார்ப்பெட்டின் மேலே தொட்டுப் பார்த்தால் போதாது, அடியில் இருக்கும் பஞ்சு எவ்வளவோ குடித்துவிடும். திறந்த கூரை வண்டி என்பதால் மழைத் தண்ணீரையும் இதையும் குழப்பிக்கொள்வார்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பாக இருப்பது கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் உண்டு, தயவுசெய்து வேண்டாம், கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். நாயும் பூனையும் அதை நக்கிவிட்டு இறந்துபோகின்றன, கீழே சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

நீங்கள் மாற்றிய மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. புதுசு என்பதால் நல்லது என்று அர்த்தமில்லை, இதை நான் சொந்தமாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை என் வண்டி இதேபோல் மெதுவாகக் கூலன்ட் குடித்தது. ரேடியேட்டர் மாற்றினேன், எல்லா ஹோஸும் மாற்றினேன், பம்பையும் விடவில்லை, ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் பார்த்தால் நான் முதன்முதலில் மாற்றிய புது மூடியே அழுத்தம் பிடிக்கவில்லை. மூடியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரிய வால்வு அழுத்தம் அதிகமானால் கூலன்ட்டை ரிசர்வ் பாட்டிலுக்கு விடும். நடுவிலிருக்கும் சின்ன வால்வு, வண்டி ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தால் அதே கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள விடும். சின்ன வால்வு ஒட்டிக்கொண்டால் பாட்டில் நிரம்பிக்கொண்டே போகும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும், காலையில் மேல் ஹோஸ் அமுங்கிச் சப்பையாகக் கிடக்கும். பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் விரிசல் இருந்தாலும் இதே கதி, கூலன்ட்டுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ஆகவே பாட்டிலில் மட்டும் அளவு பார்ப்பதை விட்டுவிட்டு, ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டிலில் எவ்வளவு, ரேடியேட்டரில் எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதி வைத்தால், உங்களுடைய அரை லிட்டர் நிஜமாகவே வெளியேறுகிறதா அல்லது இடம் மாறுகிறதா என்பதே தெரிந்துவிடும். டெஸ்டரோடு வரும் இணைப்பை வைத்து மூடியையும் தனியாகச் சோதிக்கலாம்.

இப்போது சூட்டுக்கு வருவோம். எப்போது சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் ஓடும் காற்று செய்யும் வேலையை நிற்கும்போது செய்ய வேண்டியவன் செய்யவில்லை, அதாவது ஃபேன். வேகமாக நெடுந்தூரம் போகும்போது மட்டும் ஏறினால் ஃபேனைப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம், அது ரேடியேட்டர் அடைப்பு, காற்று வழி, பம்பின் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் சக்கரம்), சறுக்கும் பெல்ட், அல்லது உறிஞ்சும் பக்கமான கீழ் ஹோஸ் அதிக ஆர்.பி.எம்.மில் சப்பையாவது, இவற்றில் ஒன்று. கிளப்பிய சில நிமிடத்திலேயே தாறுமாறாக ஏறி இறங்கினால் ஏர் லாக் (உள்ளே சிக்கிக்கொண்ட காற்று) அல்லது ஹெட் கேஸ்கெட். உங்களுடையது முதல் வகை. அதனால் எனக்கு முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

1.6 வண்டியில் இதைச் சோதிப்பது சுலபம். இன்ஜின் அறையில் மூடியில் டயக்னாசிஸ் என்று எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் டி.எஃப்.ஏ., ஜி.என்.டி. என்று குறித்த இரண்டு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை ஆன் செய்யுங்கள். முதன்மை ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், எர்த் என்ற வரிசையில் பாருங்கள், மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் ஓடுகிறதா என்று பார்ப்பதே பாதி வேலையை முடித்துவிடும். சுற்றுகிறது, ஆனால் நிஜத்தில் சூடாகும்போது மட்டும் சுற்றவில்லை என்றால் தெர்மோஸ்டாட் கழுத்தில் இருக்கும் தெர்மோ ஸ்விட்ச்சோ அதன் வயரோ போய்விட்டது. அந்த ஸ்விட்ச் ஏறக்குறைய 97 டிகிரியில் ஃபேனைப் போட வேண்டும்.

சுற்றுகிறது என்பதோடும் திருப்திப்பட வேண்டாம். இந்த வண்டியில் ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு காற்றை இன்ஜின் பக்கம் இழுக்க வேண்டும். யாரோ மோட்டார் மாற்றும்போது இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் அது எதிர்ப்பக்கம் சுற்றி, முன்னாலிருந்து வரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்து விழுந்தால் திசை தவறு. மோட்டார் பழசாகி வேகம் குறைந்திருந்தாலும் இதே சோதனையில் தெரியும். ஏ.சி. இருந்தால் அதைப் போடும்போது இரண்டாவது ஃபேனும் சுற்றும். ஏ.சி. போட்டதும் முள் இறங்குகிறது என்று யாராவது சொன்னால் அது அதிசயம் இல்லை, முதல் ஃபேன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஃபேன் நன்றாக இருந்தால் ரேடியேட்டர் வழியாகக் காற்று போகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலையும் தூசியும் பூச்சியும் கம்பளிபோல் அடைந்திருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி ஃபின்களை (மெல்லிய தகடுகளை) விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், சில பழைய ரேடியேட்டர்களில் அவை பொடியாக உதிரும். குழாய் முழுசாக இருக்கும், கசிவும் இருக்காது, ஆனால் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்க ஆள் இருக்காது. உள் அடைப்பைப் பார்க்க இன்ஃப்ராரெட் வெப்பமானி உதவும், ஆனால் பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அடியுங்கள். கோர் முழுக்க ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் குறைந்துகொண்டே போக வேண்டும், நடுவில் திடீரென்று ஒரு குளிர்ந்த திட்டு இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை.

அப்புறம் அடித்தட்டு. வண்டியின் மூக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். முப்பது வருடத்தில் ஆயில் மாற்ற வந்த யாரோ ஒருவர் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறந்திருப்பார். அழுக்கு படாமல் இருக்க வைத்த தட்டு என்று நினைக்காதீர்கள், முன்வாயில் நுழையும் காற்று கீழே நழுவிப் போகாமல் ரேடியேட்டர் வழியாகவே போக வைப்பது அதுதான். இது இல்லாமல் வேகமாக ஓட்டினால் சூடேறும். உங்கள் அறிகுறி அதுவல்ல, இருந்தாலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏர் லாக் விஷயத்தில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே ஒரு சாபம் உண்டு. மூக்கு தாழ்வு, அதனால் ரேடியேட்டரும் தாழ்வு, காற்று போய் உட்காரும் உயரமான இடம் இன்ஜின் பக்கமே இருந்துவிடும். போர்ஷே 944-இல் இதற்காகவே காற்றை வெளியேற்ற ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். இன்ஜின் நடுவில் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2, ஃபியட் எக்ஸ்1/9 மாதிரி வண்டிகளில் குழாய் முன்னுக்கும் பின்னுக்கும் நீளமாக ஓடுவதால் காற்றை எடுப்பதே ஒரு நாள் வேலை. எம்எக்ஸ்-5 அந்த அளவுக்கு மோசமில்லை. தெர்மோஸ்டாட் மாற்றியபோது காற்று புகுந்திருக்கலாம், அதனால் இப்படிச் செய்யுங்கள்: முன்பக்கத்தை ஜாக்கி வைத்து உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் சீக்கிரம் வெளியேறும். தெர்மோஸ்டாட்டில் ஒரு சின்ன ஆடும் ஊசி இருக்கும், அது மேல்பக்கம் இருக்கும்படி மாட்டினீர்களா? அந்த ஊசி காற்று போகத்தான், கீழ்ப்பக்கம் மாட்டினால் அதற்கு வேலையே இல்லை.

டெம்பரேச்சர் முள்ளை எவ்வளவு நம்பலாம்? கொஞ்சம்தான். ஓட்டுபவர் பதறக் கூடாது என்று பல வண்டிகளில் முள்ளை நடுவிலேயே நிற்கும்படி செய்துவைத்திருப்பார்கள், அது அசையும்போது ஏற்கெனவே தாமதம். 60களின், 70களின் பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் மீட்டர்களுக்கு 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் கெட்டால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே ஏற்றிக் காட்டும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதைவிட ஆபத்தானது நேர் எதிர்: கூலன்ட் மொத்தமும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் திடீரென்று குளிருக்கு இறங்கும். ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று விழுந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாமல் உடனே ஓரம்கட்டி அணையுங்கள். ஓடும்போது ஹீட்டரைத் திறந்தால் குளிர்ந்த காற்று வருகிறதென்றால் அதற்கும் இதே அர்த்தம்தான்.

கடைசியாக நீங்கள் பயப்படும் ஹெட் கேஸ்கெட். இதற்கு நீல நிறத் திரவம் வைத்த சோதனைக் குழாய் கிடைக்கும். ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, இன்ஜின் ஓடும்போது மேலே இருக்கும் காற்றை மட்டும் அதற்குள் இழுக்க வேண்டும். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டையே உறிஞ்சிவிட்டால் சோதனை கெட்டுப்போகும், அதனால் முதலில் அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை நீலமாகவே இருந்தது என்பதால் தப்பித்துவிட்டோம் என்று இல்லை, நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். காலையில் ஆறிய வண்டியைக் கிளப்பி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்போல் இறுகினால், இன்னும் சூடே ஆகாத கூலன்ட்டுக்கு அவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வரும்? சிலிண்டரிலிருந்துதான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள், மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கழுவி விட்டதுபோல் இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது. ஆயில் மூடியின் அடியில் பால்போல் படிந்திருப்பதைப் பார்த்து மட்டும் அலறாதீர்கள், குட்டிக் குட்டித் தூரம் ஓடும் வண்டியில் அது வெறும் ஈரப்பதம். டிப்ஸ்டிக்கிலும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அதே நிறம் இருந்தால்தான் கவலை.

இந்த இன்ஜினில் நான்காவது சிலிண்டரை முதலில் சந்தேகப்படலாம். இது குறுக்கே வைத்து ஓடிய முன்சக்கர மாஸ்டா 323-இன் குடும்பத்திலிருந்து வந்தது. அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது கூலன்ட் உள்ளே வருவதும் வெளியே போவதும் முன்பக்கமே அமைந்துவிட்டன, கடைசி சிலிண்டர் பக்கம் ஓட்டம் குறைவு. பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் கூலன்ட் பின்பக்கமிருந்து வெளியேறும்படி வழியையே மாற்றிவிடுவார்கள். சாதாரணமாக ஓட்டும் வண்டிக்கு அது தேவையில்லை.

ஒழுகலை அடைக்கும் பொடியையோ திரவத்தையோ மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அதற்கு ஓட்டை எது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று தெரியாது. கூலன்ட்டைக் கெட்டியாகக் கலந்தால் நன்றாகக் குளிரும் என்பதும் தவறு, கிளைக்காலைவிடத் தண்ணீர்தான் சூட்டை அதிகம் சுமக்கும், பாதிக்குப் பாதி போதும், அதுவும் வடித்த தண்ணீர். வெவ்வேறு வகைக் கூலன்ட்டைக் கலந்தால் கூழாகிவிடலாம், நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்கவும் முடியாது. என்ன ஊற்றியிருக்கிறது என்று தெரியவில்லை என்றால் எல்லாவற்றையும் வடித்துக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே வழி.

ரேடியேட்டர் மாற்றும்படி ஆனால், பழையது உள்ளிருந்து அரித்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையைக் கழுத்தில் இருக்கும் கூலன்ட்டிலும், உலோகத்தில் படாமல், வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடி, விளக்கு, ஃபேன் எல்லாம் போட்ட நிலையில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்ட் கெட்டுவிட்டது, அல்லது எங்கோ எர்த் சரியில்லாமல் மின்சாரம் கூலன்ட் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது அலுமினிய ரேடியேட்டர் போட்டால் அதையும் தின்றுவிடும்.

இப்போதைக்கு எனக்கு மூன்று பதில்கள் வேண்டும்: மேல் டேங்க் என்ன நிறம், டி.எஃப்.ஏ. இணைத்ததும் ஃபேன் சுற்றியதா, டெஸ்டர் வைத்த 20 நிமிடத்தில் டயல் எவ்வளவு இறங்கியது. இவற்றை எழுதுங்கள், அடுத்து எதைக் கழற்றுவது என்று அதற்குப் பிறகு பேசலாம்.